புர்கியின் முதல் பூட்ஸ்

புர்கி இடது காலுறையைக் கழற்றினாள். அதற்கு உள்ளே இன்னொரு காலுறை இருந்தது. இரண்டும் அவள் கையால் பின்னிய தடித்த கம்பளி உறைகள். பூட்ஸ் கடைக்கார ரோமெட் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"என்னக்கா இது, வெங்காயமா? உரிக்க உரிக்க வருது!"

"குளிருமேப்பா."

"போட்டா என்ன தப்பு?" என்று சுவரோர பெஞ்சிலிருந்து அவள் அண்ணன் வின்சென்ஸ் குரல் கொடுத்தான். "எங்க காலத்துல எல்லாருமே ரெண்டு உறைதான். அப்படியே போய் கோப்பை ஜெயிச்சிட்டு வரல?"

"ஜெயிச்சீங்கண்ணே. அதான் கால் நகம் எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு" என்றான் ரோமெட்.

ஆல்ப்ஸ் மலையின் அந்த ஊரில் பிள்ளைகள் நடை பழகிய கையோடு பனியில் சறுக்கவும் பழகிவிடுவார்கள். அறுபது தாண்டி முதல் சறுக்கு பூட்ஸ் வாங்க வந்தவள் புர்கி ஒருத்திதான். வின்சென்ஸ் பனிச்சறுக்குப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். டச்சுக்காரன், ஆங்கிலேயன் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் கற்றுக்கொடுத்தான். தங்கைக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. புர்கிக்குப் பனி சேராது என்பது அந்த வீட்டில் என்றைக்கோ முடிந்துபோன பேச்சு.

முடித்துவைத்தது ஒரு பள்ளிக்கூடப் பந்தயம். வீட்டில் ஏழு பிள்ளைகள். தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினால் அது வின்சென்ஸிடமிருந்து அக்கா கிளாராவுக்கும், கிளாராவிடமிருந்து புர்கிக்கும் இறங்கி வரும். முனையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அம்மா வாரை இழுத்துக் கட்டி அனுப்பினாள். முதல் வளைவிலேயே புர்கியின் கால் தனியாகக் கழன்று வந்துவிட்டது. பூட்ஸும் சறுக்குப் பலகையும் அவளை விட்டுவிட்டுச் சரிவில் தம்பாட்டுக்குப் போக, ஒற்றைக் காலுறையோடு பனியில் நின்றாள். ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், "நம்ம புர்கிக்குப் பனி சேராது, விடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் அதை எதிர்த்துப் பேச அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாள், ஸ்தேவான் திருநாளில், பூசை முடிந்ததும் அண்ணன் தம்பி அக்காமார் எல்லாரும் மலையேறி உச்சியிலிருந்து வரிசையாகச் சறுக்கி வீட்டு வாசல்வரை வருவார்கள். புர்கி ஈரல் உருண்டை சூப்போடு காத்திருப்பாள். கதவு திறந்ததும் குளிரும் கூச்சலும் சேர்ந்து உள்ளே வரும். நடை முழுக்க பனி உருகி ஓடும். அடுப்பைச் சுற்றிக் கையுறைகள் காய, ஈரக் கம்பளி வாசமும் சூப்பு வாசமும் கலந்து வீடு நிறையும். யார் எங்கே விழுந்தார்கள், யார் யாரைத் தள்ளினார்கள் என்று ஏழெட்டு வாய்கள் ஒரே நேரத்தில் பேசும். அவள் அகப்பையோடு நின்று கேட்பாள். அந்த நாட்கள் அவளுக்கு இனித்தன, அதில் பொய் இல்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து சிரிக்கும்போது, எதற்கு என்று தெரியாமல் அரை நொடி பிந்தித்தான் அவள் சிரிப்பாள். பிறகு ஊர் விடுதியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். குளிர்காலங்கள் அங்கேயே கழிந்தன.

இப்போது அந்த வரிசையில் வின்சென்ஸ் மட்டும்தான் மிச்சம். கிளாரா போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்களில் சிலர் கல்லறையில், ஒருவன் கனடாவில். வரும் ஜனவரியில் வின்சென்ஸின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. அதோடு பலகையைப் பரணில் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லறைத் திருநாளன்று கிளாராவின் குழி முன்னால், "இந்த ஸ்தேவான் நாள் நான் ஒருத்தனா இறங்கி வரணும் போல" என்று அவன் முனகினான். "நான் வரேன்" என்றாள் புர்கி. அவன் சிரித்த சிரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்த மெழுகுவத்தியே அணைந்துபோனது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தான்.

ரோமெட் அவள் பாதத்தை அளவுப் பலகையில் நிறுத்தினான். ஒருமுறை பார்த்தான். நம்பாமல் மறுபடி நிறுத்தினான்.

"அக்கா, என்ன அளவு கேட்டீங்க?"

"நாப்பது."

"உங்க கால் முப்பத்தேழுகூட இல்ல. குதிகால் இன்னும் ஒல்லி. இந்தா, கட்டைவிரல் பக்கம் மட்டும் எலும்பு துருத்திட்டு இருக்கு. நின்னு நின்னு வந்தது. அத நான் பார்த்துக்கிறேன்."

பூட்ஸின் உள்மெத்தையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அவள் காலை விடச் சொன்னான். விரல்கள் முன்னே முட்டியதும் குதிகாலுக்குப் பின்னால் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான். தலையாட்டினான். எலும்பு துருத்திய இடத்தில் ஓட்டைச் சூடாக்கி, அழுத்தி, வெளியே புடைக்க வைத்தான். மெல்லிய உறை ஒன்றே ஒன்றை மாட்டிவிட்டு, மெத்தையோடு அணிவித்துக் கொக்கிகளைப் பூட்டினான்.

"ஐயோ, நெரிக்குதுப்பா! விரல் முட்டுது."

"முழங்காலை முன்னால மடக்குங்க."

மடக்கினாள். விரல்கள் தாமாகப் பின்னுக்கு வந்தன. குதிகால் அசையவில்லை. கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கில் சாய்ந்தது, அது அவளைத் தாங்கியது. இடப்பக்கம் சாய்ந்தாள், பூட்ஸும் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தாள், கூடவே வந்தது. வாழ்நாளில் எந்தச் செருப்பும் அவள் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

"ரோமெட்டு, அப்ப நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது போட்ட அண்ணன் பூட்ஸு..."

"ஆரம்பிச்சிட்டா" என்றான் வின்சென்ஸ். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"அண்ணே, சும்மா இருங்க" என்றான் ரோமெட். "அக்கா, உங்க அண்ணன் பூட்ஸையா போட்டீங்க? இந்தக் காலுக்கா? அதப் போட்டுட்டு ஒலிம்பிக்காரன் இறங்கினாலும் மூக்கு உடைஞ்சிருக்கும்."

புர்கி எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கோபம் வந்தது. இப்படி ஒரு கோபம் தனக்குள் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. ஏழு பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி வாங்கிய அம்மாவைத் திட்ட முடியுமா? தோளில் தூக்கிவைத்த அப்பாவையா? திட்ட ஆளில்லாத கோபம் கண்ணில் வழிந்தது.

"கூடம் நெசமாவே கோணல்தாண்ணே" என்றாள்.

வின்சென்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல? லூசா இருக்கு, ஆடுதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்ல? எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அதுக்குள்ளயும் நீங்கல்லாம் எப்படியோ சமாளிக்கிறீங்க, எனக்குத்தான் துப்பில்லன்னு நெனச்சேன்."

கொக்கியைக் கழற்ற ரோமெட் குனிந்தான். "இருக்கட்டும்" என்றாள் அவள். கடைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஊர்க்கோடியில் உள்ள பயிற்சி மேட்டில், மூக்கொழுகும் வாண்டுகளின் வரிசையில் அவளும் நின்றாள். வின்சென்ஸ் ஓரத்தில் கைத்தடியோடு நின்று கத்தினான்: "குந்தாதடி! முன்னால சாய்! சூப்பு கிண்டுற மாதிரி நிக்காத!" அவளும் பதிலுக்குக் கத்தினாள். விழுந்தாள், நிறைய விழுந்தாள். ஆனால் ஒருமுறைகூடக் கால் கழன்று வரவில்லை.

ஸ்தேவான் நாளன்று பூசை முடிந்து, கம்பியில் ஓடும் தொங்குநாற்காலியில் இருவரும் மேலே போனார்கள். உச்சியில் காற்றில்லை. வெயில் பளிச்சென்றிருந்தது. வின்சென்ஸ் முன்னால் போக, அவன் கிழித்த தடத்தில் அவள் பலகைகளை ஆப்பு வடிவில் விரித்தபடி பின்னாலேயே போனாள். அவன் திரும்பிய இடத்தில் திரும்பினாள், நின்ற இடத்தில் நின்றாள். பாதிவழி தாண்டியதும் அவன் ஊசியிலை மரங்களின் ஓரமாக ஒதுங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதாண்ணே? உக்காரு. ஆளக் கூப்பிடவா?"

"ஒன்னும் வேணாம். மெதுவா வந்துருவேன். நீ முன்னால போ."

"நானா? வழி தெரியாதே!"

"கீழ பாத்துப் போனா வீடு வந்துட்டுப் போகுது. போடி. எங்க எல்லாரையும் நீ வாசல்ல நின்னு பாத்திருக்க. நீ போறத நாங்க யாரும் பாத்ததே இல்ல."

அவன் முகம் கோணியிருந்தது. வலியா வேறேதுமா என்று அவள் கேட்கவில்லை. கீழே சரிவு கோடு எதுவுமில்லாமல் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை மடக்கி, கணைக்கால் எலும்பை முன்னால் சாய்த்தாள். பலகை நகர்ந்தது. முதல் வளைவில் உடம்பு ஒரு நொடி தயங்கியது, பூட்ஸ் திரும்பியது, அவளும் திரும்பினாள். சற்றுப் பொறுத்து, பின்னால் அவன் பலகைகள் பனியை உரசத் தொடங்கிய சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வளைவுக்குச் சாய்ந்தாள்.