மசிக்கு எவ்வளவு அரிக்கிறது?

மசி, லாரி ஓட்டும் தம்பியின் நாய். மை கொட்டியது போல உடம்பெல்லாம் கறுப்பு என்பதால் அந்தப் பெயர். தம்பி வண்டியேறினால் திரும்பிவர இருபது நாளாவது ஆகும். அதுவரை அவனுடைய தையல்கார அக்காவின் மிஷினுக்கு அடியில்தான் மசிக்குப் படுக்கை.

அரிப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாய் டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு தாளையும் கொடுத்திருந்தார். நாளுக்கு ஒரு கோடு. ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் பத்து. அன்றைக்கு எவ்வளவு அரித்தது என்று அக்கா அந்தக் கோட்டில் புள்ளி வைக்க வேண்டும்.

முதல் நாள் ஏழில் வைத்தாள். சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"ஏழா? ஐயோ அக்கா! வண்டிய வேற ஆள்கிட்ட விட்டுட்டு வந்துடட்டுமா?"

மலைப்பாதையில் ஓட்டுகிறவனை இப்படியா கலங்கடிப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள், "அஞ்சுதான்டா" என்றாள். பிறகு நாலு. பிறகு மூன்று. அவனிடம் சொன்னதையே தாளிலும் வைத்தாள். நடுவில் டாக்டரம்மா போனில் கேட்டபோதும் அதையே சொன்னாள். பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. புள்ளி இறங்கினால் அரிப்பும் பின்னாலேயே இறங்கிவிடும் என்று எப்படியோ நம்பினாள்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மேசைமேல் ஏற்றியதும் மசி வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு கல்லாய் நின்றது. ஒரு தரம்கூடச் சொறியவில்லை.

"மூணா? பரவாயில்லையே, மருந்து நல்லா கேக்குது" என்று தாளைப் பார்த்துச் சிரித்த டாக்டரம்மா, டார்ச்சை எடுத்துக் காதை மடித்தார். சிரிப்பு நின்றது. வயிற்று முடியை விலக்கி, கட்டைவிரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அக்குள், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கறுப்பு நாய்க்குச் சிவப்பு சட்டுன்னு தெரியாதும்மா. முடி இல்லாத இடமா தேடிப் பாக்கணும். இங்க பாருங்க."

காதின் உட்புறம் சுட்டுக்கொண்ட விரல் போலச் சிவந்திருந்தது.

"பாதத்த நக்குதா?"

"அது எப்பவும் நக்கும் டாக்டர். பொழுது போகாம."

"நக்கறது, கடிக்கறது, சுவத்துல தேய்க்கறது, எல்லாமே அரிப்புதாம்மா. இந்த மூணு எப்படி வந்துச்சு?"

"தம்பி பயந்துடுவான்னு குறைச்சு சொன்னேன். சொன்னதையே தாள்லயும் வச்சுட்டேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. அவர் மசியின் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகத்தான் பேசினார்.

"இது வாய் திறந்து சொல்லாது. இங்க வந்தா பயத்துல சொறியறதும் இல்ல. நீங்க வைக்கிற புள்ளிதான் எனக்கு இதோட பேச்சு. போன வாரம் நீங்க போன்ல நாலுன்னு சொன்னதாலதான் மருந்த மாத்தாம விட்டேன்."

வயிற்றுத் தோல் தடித்துச் சொரசொரத்துப் போயிருந்தது.

"பழைய மாதிரி ஆயிடுமா?"

"குறைக்கலாம். இல்லாமலே ஆக்கிடுவேன்னு என்னால சொல்ல முடியாது."

வேறு மாத்திரையும் குளிப்பாட்ட மருந்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் தம்பி கூப்பிட்டதும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"போன மசிகிட்ட வை" என்றான்.

ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தாள். "டேய் மசி" என்ற குரலுக்கு அது காதை நிமிர்த்தி, வாலை இரண்டு தரம் ஆட்டியது. உடனே உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறியத் தொடங்கியது. முட்டி தரையில் மோதி டொக்கு டொக்கென்று சத்தம், விடாமல்.

"அக்கா, அத நிறுத்தச் சொல்லேன்."

"நான் சொன்னா கேக்குமாடா?"

அக்கா அருகில் உட்கார்ந்து அந்தக் காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளேயே கால் உதைத்துக்கொண்டிருந்தது. மசி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி வயிற்றைக் கடிக்க ஆரம்பித்தது.