எல்லை தாண்டாத இயந்திரம்

யுவேமெய்யின் பட்டுப்புழுக்கள் ஒரே காலையில் செத்தன. தோலுரிக்கும் நாலாவது உறக்கம் முடிந்து, கூடு கட்ட இரண்டு நாள்தான் இருந்தது. பதினாறு தட்டுகளிலும் தலையைத் தூக்கி, பச்சை நீரைக் கக்கி, பாதியாய்ச் சுருங்கிக் கிடந்தன.

முந்தின நாள் பக்கத்து வயலில் கென்ஃபாவின் ட்ரோன் மருந்தடித்திருந்தது. காற்று அவளுடைய மல்பெரித் தோட்டத்துப் பக்கம் வீசியது.

கிராமக் குழுச் செயலரைக் கூட்டி வந்தாள் யுவேமெய். கென்ஃபா கைபேசியை நீட்டினான்.

"பாருங்க செயலரே. அது பறந்த கோடு பூரா என் வயலுக்குள்ளதான் இருக்கு. ஒரு சாண் வெளிய போகல."

"காத்து உன் கோட்டைப் பாத்தா வீசும்?" என்றாள் யுவேமெய்.

"அக்கா, மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது."

செயலர் திரையை வெகுநேரம் பார்த்தார். "நோயா இருக்கும்மா. ஈர இலையைப் போட்டியா?"

முப்பது வருடம் புழு வளர்த்தவளிடம் கேட்டார். அவள் மண்வெட்டியை எடுத்தாள். குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, தட்டுகளைக் கவிழ்த்தாள்.

கென்ஃபாவின் ட்ரோனுக்கு இடம் சொல்வது ஒரு கம்பம். மூன்று கால்களில் நிற்கும். மேடான, மரமில்லாத இடம் வேண்டுமென்று போன வருடம் அவளுடைய கால்வாய்க் கரையைக் கேட்டு வாங்கி வைத்தான். அந்தக் கரையை ஒட்டி வரிசையாக அவள் தோட்டம், அவன் நெல் வயல், அதற்கப்பால் அவன் நண்டுக் குளம். கம்பத்தை வைத்த அன்று சொன்னான்:

"இதுல ஆட்டைக் கீட்டைக் கட்டிடாதீங்கக்கா. இது ஒரு அடி நகந்தா அதுவும் ஒரு அடி தள்ளிப் பறக்கும். ஆனா சரியாப் பறக்கறதாத்தான் நினைச்சுக்கும், பாவம்."

அடுத்த மருந்து பன்னிரண்டு நாள் கழித்து. முன்பெல்லாம் கென்ஃபா வரப்பில் நின்று பார்ப்பான். இப்போது ட்ரோனை ஏவிவிட்டு வண்டிக்குள் சாய்ந்து, கைபேசியில் சீட்டு விளையாடுவான். பனிமூட்டமான காலை. அவன் வருவதற்குமுன் யுவேமெய் கம்பத்தின் சுவிட்சை அணைத்தாள். தோளில் தூக்கிக் குளத்துப் பக்கமாக நாற்பது தப்படி நடந்து, ஊன்றி, மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

ட்ரோன் எழுந்தது. பாதி வயலில் அடித்தது. மீதி குளத்தின்மேல் போனது. போய்த் திரும்பியதை அவள் எண்ணினாள். பதினொரு தடவை. வண்டி கிளம்பியதும் கம்பத்தைப் பழைய இடத்தில் வைத்தாள். அன்று வயிறார மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் நண்டுகள் கரையேறிச் செத்தன. நடு இலையுதிர் விழாவுக்குப் பிடிக்க வேண்டிய நண்டுகள். கென்ஃபா ஒரு கூடை செத்த நண்டோடு அவள் முற்றத்துக்கு வந்தான். பின்னால் செயலர்.

"கம்பத்தை நகத்தினீங்களா?"

"அதுக்குக் காலு மூணு இருக்கே தம்பி. நடந்து போயிருக்கும்."

"அக்கா!"

"எதுக்குக் கத்தற? பதிவு இருக்குல்ல. செயலருக்குக் காட்டு."

செயலர் கையை நீட்டினார். கென்ஃபா தயங்கிக் கொடுத்தான். கோடு முழுக்க வயலுக்குள் இருந்தது.

"எல்லை தாண்டலையேப்பா," என்றார் செயலர். "நோயா இருக்கும்."

"நோயில்ல! மருந்து! நாத்தம் உங்களுக்கு வரலையா?"

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றாள் யுவேமெய்.

கென்ஃபா கூடையைக் கீழே வைத்தான். ஒரு நண்டின் கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"தப்பாக் காட்டுது."

"என்னைக்கு?"

"நேத்து."

"நேத்து மட்டுமா?"

அவன் செயலரைப் பார்த்தான். செயலர் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அது வயலுக்குள்ளதான் பறந்துச்சு. காத்துல மருந்து உங்க பக்கம் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாமா?"

"வந்துச்சு. மூக்குல ஏறுச்சு. நான் வண்டிக் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று செயலரிடம் சொன்னாள் யுவேமெய். "எழுதிக்கங்க. நானும் எழுதித் தர்றேன், கம்பத்தை யார் தூக்கினதுன்னு."

 கென்ஃபா கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

சற்று நேரத்தில் குளத்துப் பக்கம் அவன் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தாள். கரை முழுக்க வெள்ளையாகக் கொக்குகள் இறங்கியிருந்தன. செத்த நண்டுகளைக் கொத்திக்கொண்டிருந்தன. இரண்டு ஏற்கெனவே சேற்றில் இறகை விரித்துக் கிடந்தன.

கொக்குகளைப் பற்றி அவள் நினைத்திருக்கவில்லை.

ஒரு காலித் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கென்ஃபா கிழக்குக் கரையில் நின்று சட்டையை வீசிக்கொண்டிருந்தான். அவள் மேற்குக் கரையில் நின்று தட்டை அடித்தாள். கொக்குகள் எழும், வட்டமடிக்கும், மறுபடி இறங்கும். இருள்கிறவரை இருவரும் விரட்டினார்கள். அவன் நண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டபோது அவள் குனிந்து ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.