ஊதல் கேட்டால் படுக்கிற நாய்

ரயில் கம்பெனிக்குக் கல்யாணமான கேட்மேனைத்தான் பிடிக்கும். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் கிடைக்குமே! நான் ஒண்டிக்கட்டை. அம்மா பார்த்த வேலை என்பதால் என்னைச் சகித்துக்கொண்டார்கள்.

வாட்டர்ஃபோர்டு லைனில், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் என் வீடு. ரயில் வந்தால் கேட்டைச் சாத்துவேன், போனால் திறப்பேன். நடுவில் யாராவது வண்டியோடு நின்றால் இரண்டு வார்த்தை பேசுவேன். மழை பெய்தால் அதுவும் கிடையாது. என் தம்பிகள் இருவரும் இங்கிலாந்துக்குப் போன ரயிலுக்கு நான்தான் பச்சைக் கொடி காட்டினேன். கப்பலுக்குப் போகிற வண்டி இதுதான். எங்கள் பக்கத்தில் பிறப்பதில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போகும். பிள்ளைகள், மாடுகள், அப்புறம் பந்தய நாய்கள்.

நாய் விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் இங்கிலாந்தில் மின்சார முயல் வந்தது. கம்பி மேல் ஒரு துணிப்பொம்மை ஓடும், ஆறு நாய்கள் அதைத் துரத்தும், அதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊரே கத்தும். அந்தப் பைத்தியம் பிடித்ததும் அவர்களுக்கு நாய் போதவில்லை. இன்றைக்கும் லண்டனில் ஜெயிக்கிற நாயின் காதை மடித்துப் பாருங்கள், பாதிக்குப் பாதி எங்கள் ஊரில் குத்திய பச்சைதான் இருக்கும். வளர்ப்பது நாங்கள், கைதட்டு அவர்களுக்கு.

நாய் வைத்திருப்பவர்கள் குட்டிகளைத் தாங்களே வளர்ப்பதில்லை. பால்குடி மறந்ததும் ஏதாவது ஒரு வீட்டில் விட்டுவிடுவார்கள். அந்த வீடு ஒரு வருஷம் போலக் கஞ்சி ஊற்றி, ஓடவிட்டு, எலும்பு முற்றியதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் பண்ணை வீடுகளுக்குத்தான் போகும். அந்த வருஷம் ரெட்மண்ட் பிரெண்டர்காஸ்டின் குட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. டவுனில் சாராயக்கடையும் அதற்குப் பின்னால் இரும்புக்கடையும் வைத்திருக்கிற பெரிய மனுஷர். கேட் திறக்கக் காத்திருந்தபோது காரிலிருந்து இறங்காமலே குட்டியை என் கையில் திணித்தார்.

"உனக்கும் பொழுது போகும், மாலகி. ஆனா ஒண்ணு, மடியில வச்சுக் கொஞ்சிக் கெடுத்துடாதே."

"மடியில வைக்க எனக்கு நேரம் எங்க முதலாளி இருக்கு?" என்றேன். அன்று ராத்திரியே அது என் மடியில்தான் தூங்கியது.

மார்பில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் பட்டன் என்று கூப்பிட்டேன். பந்தயத்துக்கு ரெட்மண்ட் வேறு பேர் வைத்திருந்தார், 'ரெட்மண்டின் மகுடம்' என்று. தன் பேர் இல்லாமல் அவரால் ஒரு நாயைக்கூடக் கூப்பிட முடியாது.

இந்த ஜாதி நாய்க்கு ஓடுகிற எதைப் பார்த்தாலும் துரத்த வேண்டும். என் வாசலில் ஓடுவது ரயில். முதல் வாரமே குட்டி இன்ஜினுக்கு முன்னால் பாய்ந்தது. டிரைவர் ஊதிய ஊதலில் எனக்கு உயிரே போய் வந்தது. அன்றிலிருந்து பழக்க ஆரம்பித்தேன். வளைவுக்கு அப்பால் ரயில் ஊதும். ஊதல் கேட்டதும் பட்டன் இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும், தாடை தரையில் பட. கடைசிப் பெட்டி தாண்டிய பிறகு நான் "போயாச்சு" என்பேன். அப்போதுதான் எழுந்திருக்கலாம். எழுந்தால் வறுத்த பன்றித்தோல் ஒரு துண்டு கிடைக்கும். சீக்கிரமே படித்துவிட்டது. என் வார்த்தைக்காக ஒரு ஜீவன் காத்துக் கிடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன். அது கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்க்கும்.

வருஷம் முடிந்ததும் ரெட்மண்ட் வந்து கூட்டிப் போனார். நாய் காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது. நான் கேட்டைச் சாத்தினேன், திறந்தேன். ஒருத்தனுக்கு மட்டும் கஞ்சி காய்ச்ச எனக்குக் கை வரவில்லை. பல நாள் மிச்சத்தைக் கொட்டினேன்.

டவுனில் பகல் ஒத்திகைகளில் அது பிய்த்துக்கொண்டு ஓடுவதாகச் செய்தி வந்தது. இங்கிலாந்திலிருந்து ஹால்வொர்த் என்ற பயிற்சியாளர் வாங்குவதற்காக வந்திருக்கிறாராம். முதல் பந்தயத்தன்று தண்டவாளம் பார்க்கிற ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டுப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஜெயித்தால் கப்பல், தோற்றால் வேறு யாரிடமோ. எப்படியும் எனக்கு இல்லை.

சாயங்காலமாகியும் வெயில் இன்னும் சாயவில்லை. பட்டனுக்குச் சிவப்புச் சட்டை, ஒன்றாம் நம்பர் கூண்டு. கூண்டு திறந்ததும் புறப்பட்டது பாருங்கள், முதல் திருப்பத்திலேயே மற்ற ஐந்தையும் விட்டுவிட்டது.  நான் காய்ச்சிய கஞ்சி ஓடுகிறது என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன். அவன் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பான்.

பின்பக்க நேர்ப்பாதையில், மைதானச் சுவருக்கு வெளியே, சாயங்கால ரயில் ஊதியது.

பட்டன் படுத்துவிட்டது. அந்த வேகத்திலிருந்து, இரண்டு குட்டிக்கரணம் அடித்து, அப்படியே தாடை மணலில் பட. ஐந்து நாய்களும் அதைத் தாண்டிப் போயின. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

"மகுடம் கழண்டுடுச்சு ரெட்மண்ட்!" என்று எவனோ கத்தினான்.

பந்தயம் முடிந்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. அதைக் கூட்டி வந்த ஆள் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான், காலால் தள்ளினான். அசையவில்லை. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாகவே இருந்தது. படுக்கிற நாய் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டும். வேலியைத் தாண்டி ரெட்மண்டிடம் போனேன். ஹால்வொர்த் அவர் பக்கத்தில் புகைக்குழாய் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி, இவன் இனிமே உங்களுக்கு எதுக்கு? எனக்குக் குடுத்துடுங்க."

"உனக்கா? நீ இவனை ஊர் பூரா கூட்டிட்டுப் போவ, பாக்கறவன்லாம் ரெட்மண்டோட நாய், ஓட்டத்துல தூங்கின நாய்னு சிரிப்பான். அதுக்கா என் பேரை வச்சேன்?"

"நான் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன். கேட்டை விட்டு நானே எங்க போறேன்?"

"பேசாதே மாலகி. வீட்டுல துப்பாக்கி இருக்கு. காலையில முடிச்சுடறேன்."

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அவருடைய கொல்லையில் எத்தனை நாய் கிடக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. பட்டன் மணலில் கிடந்தபடி கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவன் தூங்கல, முதலாளி. ரயில் ஊதிச்சு. ஊதினா படுக்கணும்னு நான்தான் பழக்கினேன்."

"கதை விடாதே."

நான் மணலில் இறங்கி அதன் பக்கத்தில் நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கலாம் என்று இருந்தது. பிறகு சொன்னேன்: "போயாச்சு, பட்டன்."

துள்ளி எழுந்து என் தோளில் இரண்டு காலையும் போட்டது. பாக்கெட்டில் பன்றித்தோலைத் தேடியது. நான் கொண்டுவரவில்லை.

ஹால்வொர்த் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "எங்க மைதானத்துக்குக் கிட்ட ரயில் பாதையே கிடையாது, பிரெண்டர்காஸ்ட். விலை பேசலாமா?"

ரெட்மண்ட் என் முதுகில் தட்டினார். "நல்லவேளை வாயைத் திறந்தே மாலகி! இல்லேன்னா ஒரு தங்கமான நாயைச் சுட்டிருப்பேன்டா."

அவருக்கு அவ்வளவுதான். நான் கேட்டுக்கு நடந்தே வந்தேன். ரயிலில் ஏற மனசு வரவில்லை.

பட்டன் எந்த வண்டியில் போகிறது என்று ரயில் கார்டு ஃபின்டன்தான் சொல்லிவிட்டுப் போனான். இந்த லைனில் நின்று பேசுகிற ஒரே ஆள் அவன்தான். கப்பலுக்குப் போகிற காலை வண்டி, அவனுடைய பெட்டியிலேயே. நான் முகம் மழித்துக்கொண்டேன். நாய்க்காக ஒருத்தன் முகம் மழிக்கிறான் என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். கேட்டைச் சாத்திவிட்டுக் கொடியோடு நின்றேன். சிக்னல் தடுத்தால் ஒழிய என் கேட்டில் ரயில் நிற்காது. பெட்டிக்கதவு திறந்திருந்தால் ஒரு தடவை முகத்தைப் பார்க்கலாம், அதற்குத்தான்.

வளைவுக்கு அப்பால் ரயில் ஊதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி, ஊதிவிட்டானே.

கடைசிப் பெட்டி கடந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. ஃபின்டன் தலையை நீட்டிச் சிரித்தான். "படுத்துட்டான் மாலகி! நீ சொன்ன மாதிரியே படுத்துட்டான்!" அவன் காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு தெரிந்தது. முகம் தெரியவில்லை. நான் கொடியை ஆட்ட மறந்து பின்னாலேயே பாலம் வரை ஓடினேன்.

அடுத்த வாரம் ஃபின்டன் திரும்புகிற வண்டியில் வந்தபோது சிக்னலுக்காக என் கேட்டருகே நிற்க வேண்டியிருந்தது. இறங்கி வந்து சிகரெட் பற்றவைத்தான்.

"என்ன நாய்ப்பா அது! ராஸ்லேர் துறைமுகம் வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. தண்ணி வச்சேன், தொடல. ரொட்டி போட்டேன், மோந்துகூடப் பாக்கல. வழி பூரா கதவையே பாத்துட்டுக் கிடந்துச்சு. கடைசியில நாலு பேர் தூக்கித்தான் கப்பல்ல ஏத்தினோம்."

நான் கொடியைச் சுருட்டினேன்.

"எந்திரிக்க ஏதோ ஒரு வார்த்தை சொல்லணுமாமே? மைதானத்துல நீ சொன்னியாமே. அன்னிக்கு அதைக் கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்டா," என்றேன். "நீங்க அதுக்குள்ள பாலத்தைத் தாண்டிட்டீங்க."