தாண்டிப் போன வாசல்

அந்தத் தெருவில் அவருக்கு நடை ஏட்டு என்று பட்டப்பெயர். போலீஸ் ஜீப்பைக் கண்டால் சனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று, வாரம் ஒருநாள் நடந்தே வந்து முப்பத்திரண்டு வாசலும் ஏறி இறங்குவார். எல்லா வீட்டிலும் ஐந்து நிமிடம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் வாய் திறந்தது என்று தெருமுக்கில் நிற்கும் கத்திக் கும்பலுக்குத் தெரியக் கூடாதல்லவா, அதற்குத்தான். மேலதிகாரிகள் இதை மக்களோடு காவல் என்றார்கள். அவர் மனைவி செருப்புக்குப் பிடித்த கேடு என்றாள்.

போன மாதம் தையல்காரி வாய் திறந்தாள். பழக்கடைக்காரரைக் குத்திய மூன்று பேரின் பெயரையும் தலை நிமிராமல், தைத்துக்கொண்டே சொன்னாள்.

"என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாதுண்ணே."

"வராதும்மா. நான் பொறுப்பு."

மனதாரத்தான் சொன்னார். பிடித்து வந்த மூவர் மேலும் ஸ்டேஷனில் ஒரு அடி விழவிடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். எல்லாம் சட்டப்படி நடந்தது. ஜாமீனும் சட்டப்படியே கிடைத்து, மூவரும் முக்குக்குத் திரும்பினார்கள்.

அடுத்த நடையில் அவள் வாசலுக்கு வந்ததும் ஏட்டுக்குக் கால் தயங்கியது. நாம் ஏறினால் இவள் மேல் சந்தேகம் வருமே என்று தாண்டிப் போய்விட்டார். அதிபுத்திசாலி. முப்பத்தொரு வாசல் ஏறியவர் ஒன்றை மட்டும் விட்டால், முக்கில் வேலைவெட்டி இல்லாமல் நிற்பவனுக்கு அதுகூடவா கண்ணில் படாது?

மறுநாள் பட்டப்பகலில் அவள் வலது கையைத் தையல் மெஷின் மேல் வைத்து உடைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"எல்லார் வீட்டுக்கும் போனீங்க. என் வீட்டுக்கு மட்டும் வரலை. ஜன்னல்ல பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு."

"உன்னக் காப்பாத்தணும்னுதாம்மா..."

"தெரியும்ணே."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வெட்கத்தை மறைக்க அவசரமாகக் காகிதத்தை எடுத்தார்.

"யாருன்னு சொல்லும்மா. இந்தத் தடவ விடமாட்டேன்."

"மூஞ்சிய மூடியிருந்தாங்க. யாருன்னு தெரியலை."

யாரும் மூடியிருக்கவில்லை. தெருவே பார்த்தது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் சொன்னபடியே எழுதினார். அவளால் கையெழுத்துப் போட முடியாது. இடது கைப் பெருவிரலைப் பிடித்து, மை தடவி, அவரே காகிதத்தில் அழுத்தி எடுத்தார்.