ஜ வரிசை ஆட்கள்

"ஆறு மாசமா ஒரு போனும் வரலமா. ரத்தம் வேணாமா உங்களுக்கு?"

திருப்பருத்திக்குன்றத்து ஜினதாஸ் ஸுபத்ராவின் மேஜைக்கு முன் நின்று கேட்டார். அந்தத் தனியார் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். நாள் முழுக்க அந்த அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வரவேற்பில் அம்சா அவர் பெயரைத் தட்டியதும் 'இல்லை' என்று வந்திருக்கிறது. புது ஆளாகப் பதிந்துவிட்டாள். "எத்தினியோ தடவை கொடுத்தவன்மா நானு" என்று அவர் சொன்ன பிறகுதான் உள்ளே அனுப்பினாள்.

பெயரைச் சட்டென்று தேட உதவும் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸைத் தொடாமல், மொத்தப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொன்னாள் ஸுபத்ரா. ஜினதாஸ் இருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்துக்கு முன், 2008 தொடக்கத்தில் சர்வரைப் புதுப்பித்தபோது, தமிழ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியும் மாறிவிட்டது. ஜ, ஸ எல்லாம் இடம் மாறின. பெயர் தேடும் இன்டெக்ஸ் மட்டும் பழைய வரிசையிலேயே நின்றது. புது விதிப்படி தேடப்போன கம்ப்யூட்டர், ஆளில்லாத இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. ரத்தம் கொடுப்பவர்களை எழுத்துவாரியாக அழைக்கும் பட்டியலிலும் ஜ வெறுமையாகவே வந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

இன்டெக்ஸை மறுபடி கட்டச் சொன்னாள். பாதியில் நின்றது. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஜினதாஸுக்கு இரண்டு பதிவுகள். ஒன்றை நீக்கியாக வேண்டும். அருகருகே வைத்துப் பார்த்தாள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில், பழையதில் 'பத்மாவதி, மனைவி' என்றிருந்தது. இன்று பதிந்ததில் ஒன்றுமில்லை.

"பழைய பதிவைத்தான் வெச்சுக்கணும் சார். இதுல உங்க வீட்டம்மா பேர் இருக்கு..."

"அவ போயி ஒரு வருஷம் ஆவுதுமா."

"வேற யார் பேரைப் போடட்டும்?"

அவர் யோசித்தார். "பையன் மஸ்கட்ல இருக்கறான். அவன் எங்க வரப்போறான்? உங்க ஆபீஸ் நம்பரையே போட்டுக்கோயேன். எனக்குப் போன் பண்றது நீங்கதானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸுபத்ராவால் சிரிக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற அதே கேள்விக்கு முன்னால் அவளும் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸ் நம்பரை அடித்தாள். புதுப் பதிவை நீக்கினாள். இந்த முறை இன்டெக்ஸ் கடைசிவரை ஓடி முடிந்தது.

அவர் ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அம்சாவின் வேலைதான் என்றாலும், ஜ பட்டியலை எடுத்துக்கொண்டு ஸுபத்ராவே போன் போட ஆரம்பித்தாள். பலர் எடுக்கவில்லை. வாலாஜாபாத்தில் ஓர் அம்மாள் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டு முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"அங்க மழை பெய்யுதாமா?"

"தூறல்தான்" என்றாள் ஸுபத்ரா. அவளும் வைக்கவில்லை.