பன்னிரண்டு வாரமும் தேயாத ஷூ

ஷூ ரிப்பேர் செய்கிறவர்கள் யார் முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார்கள். அக்காவும் அப்படித்தான். ரயில் நிலையத்தை ஒட்டிய கடை வரிசையில் இருபது வருஷமாகப் பிய்ந்த ஷூவுக்கு அடி ஒட்டி, ஹீல் மாற்றி, கூடவே சாவியும் வெட்டிக் கொடுக்கிறாள். அந்த வரிசையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். நிஜமாகவே அக்காவாக இருப்பது ஒரே ஒருவனுக்கு, லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு.

தம்பியின் வேலை நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மேடையில் ஏறி நிற்கும் லாரிகளுக்கு எடை பார்ப்பது. ஊர் லாரிக்கெல்லாம் எடை பார்க்கிறவன், தன் எடை என்று வந்துவிட்டால் பேயைக் கண்டமாதிரி ஒதுங்குவான். நூற்று இருபத்தாறு கிலோ. அக்கா மட்டும் என்ன ஒல்லிக்குச்சியா? தொண்ணூற்றெட்டு. இருவருக்கும் அப்பாவின் உடம்பு. அந்த உடம்போடு அப்பா ஐம்பத்தொரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் சொந்தக் காலால் நடந்து போனார். மூன்றாம் நாள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பிக்கு இந்த வருஷம் நாற்பத்தொன்பது. அதை நினைக்காத நாள் அக்காவுக்குக் கிடையாது.

அதனால்தான் இதய மருத்துவமனையில் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். உடம்பு கனத்த அக்கா தம்பி, அண்ணன் தங்கை என்று ஜோடி ஜோடியாகக் கேட்டார்கள். பன்னிரண்டு வாரம் நடக்க வேண்டும். ஒருவருக்கு நடை மட்டும், மற்றவருக்கு நடையோடு தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. இதயத்துக்கு எது எவ்வளவு கைகொடுக்கிறது என்று பார்ப்பார்களாம். சீட்டுக் குலுக்கினார்கள். மாத்திரை தம்பிக்கு விழுந்தது.

"பொறந்ததுல இருந்தே உனக்குத்தான்டா ரெண்டு பங்கு" என்றாள் அக்கா.

"நீ மூத்தவ. விட்டுக் குடு" என்று அவன் இளித்தான்.

ஆளுக்கு ஒரு குட்டி எந்திரம் கொடுத்தார்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணிவிடும். அக்கா அதோடு விடவில்லை. தம்பியின் காலுக்குக் கடை ஷூ எதுவும் சேராது என்று அவளே அளவெடுத்து ஒரு ஜோடி தைத்தாள். வாய் அகலம், உள்ளே மெத்தென்று பஞ்சு, அடியில் மிருதுவான ரப்பர். தைத்து முடித்ததும் ஹீலின் அடியில் பேனாவால் தேதி எழுதுவது அவள் வழக்கம். ஒரு வாரம் நடந்தால் அந்த எழுத்து இருந்த இடம் தெரியாது.

தம்பி ஊரின் மறுகோடியில் இருந்தான். பேச்சு எல்லாம் போனில்தான். தினமும் சாயங்காலம் கடையைச் சாத்தும் நேரத்தில் கூப்பிடுவான்.

"இன்னைக்கு எவ்வளவுக்கா?"

"ஒம்பதாயிரத்து எழுநூறு."

"அட, பரவாயில்லையே. எனக்குப் பத்தாயிரத்து ஐநூறு. என்ன பண்றது, உனக்கு வயசாயிடுச்சு."

அவ்வளவுதான், அக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிடும். பூட்டின கடைக்கு முன்னால், வண்டிகள் நிறுத்தும் திடலைச் சுற்றிச் சுற்றி வருவாள். கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. காலில் ஆணி வந்தது. அவளுடைய ஷூவுக்கு இரண்டு தடவை அடி மாற்றினாள். என்ன நடந்தும் மறுநாள் தம்பி ஒரு படி மேலேயே இருந்தான். அவளுக்கு அதில் எரிச்சலைவிடப் பெருமைதான் அதிகம். ஹீல் ஒட்ட வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, "என் தம்பி இருக்கானே, யானை மாதிரி இருப்பான், முயல் மாதிரி நடக்கிறான்" என்று அளந்தாள்.

பன்னிரண்டாவது வாரம் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தம்பி அவள் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று வந்திருந்தான். அக்காவுக்கு முதலில் பரிசோதனை முடிந்தது. எடை மூன்று கிலோதான் குறைந்திருந்தது. இவ்வளவு நடந்ததற்கு மூன்றே கிலோவா என்று அவள் முகம் தொங்கியதும் டாக்டரம்மா சிரித்தார்.

"எடை மெதுவாத்தான்மா இறங்கும். உங்க இதயம் அதுக்கு முன்னாடியே தேறிடுச்சு. சும்மா உக்காந்திருக்கும்போது எண்பத்தெட்டு துடிச்சது, இப்ப எழுபத்திரண்டு. பிரஷரும் இறங்கியிருக்கு. எல்லாம் நீங்க நடந்ததாலதான்."

வெறும் நடைக்கே இப்படி என்றால் மாத்திரையும் சேர்ந்தவனுக்கு எப்படி இருக்கும்! அக்கா குதிக்காத குறையாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எடை பார்க்க உள்ளே போயிருந்தான். திறந்திருந்த கதவுக்குள் நர்ஸ், ஓடும் பட்டையில் நடக்க வைத்து இதயத்தைச் சோதிக்கும் மெஷினைத் தட்டித் தயார் செய்துகொண்டே சொன்னார். "உங்க தம்பி தினம் பத்தாயிரம் தாண்டுறவரு. அவருக்கு ஸ்பீடு கூட வெச்சே ஆரம்பிக்கப் போறோம்."

கை சும்மா இருக்குமா? தொழில் கை. அக்கா பெஞ்சுக்கடியில் இருந்த ஷூவை எடுத்துத் திருப்பினாள்.

தேதி இருந்தது. லேசாக மங்கியிருந்தாலும் ஓர் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. அவர்கள் வீட்டுக் கால் ஹீலின் வெளிப்பக்கத்தைத்தான் தின்னும். அப்பாவின் ஷூவும் அப்படித்தான், அவளுடையதும் அப்படித்தான். இங்கே வெளிப்பக்கமும் தேயவில்லை, உள்பக்கமும் தேயவில்லை. அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

தம்பி வெறுங்காலோடு வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யார்டா நடந்தது?"

"மெதுவாப் பேசுக்கா..."

"எந்திரத்தை யார் இடுப்புல மாட்டிவிட்ட?"

"எங்க எடைமேடையில லாரிக்காரங்ககிட்ட சீட்டு வாங்குறவரு. லாரிக்கும் ரூமுக்கும் நாள் பூரா அலைவாரு."

அக்கா ஷூவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாவி, நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடா. உன் கூடவே நடக்கிறேன்னு நெனச்சு நகம் பேந்து நடந்தேனே. முகம் தெரியாத ஒரு மனுசனைத் துரத்திக்கிட்டா திரிஞ்சேன்?"

"மூணு நாள் நிஜமாவே நடந்தேன்கா." அவன் குரல் தணிந்தது. "இதையேதான் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன், ரூமுக்குள்ளயே சுத்தினேன். மூணாவது நாள் தெருவுல இறங்கினேன். ரெண்டாவது லைட்டு கம்பம் தாண்டல. நெஞ்சை இறுக்கிப் பிடிச்சிருச்சு. இங்க சொன்னா உள்ள படுக்க வெப்பாங்க. அப்பா உள்ள போனாரு, திரும்பி நடந்து வந்தாரா? மாத்திரைதான் இருக்கேன்னு ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டேன்."

"இப்பவும் இறுக்குதா?"

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு அசட்டுத்தனமாக ஒரு சிரிப்பு சிரித்தான். "உனக்கு நல்லதுதானே ஆச்சு? நான் சொன்ன கணக்கைப் பிடிக்கத்தானே நீ அவ்வளவு நடந்த?"

அவன் சொன்னது நிஜம். அவனுடைய பொய்யைத் துரத்தித்தான் அவள் இதயம் தேறியிருக்கிறது. அது அவளுக்கு இன்னும் பெரிய துரோகமாகப் பட்டது. அவளை மட்டும் கரையேற்றிவிட்டு இவன் நடுவிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே நர்ஸ் மெஷினை ஓடவிட்டார். பட்டை சரசரவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. "சார், வாங்க" என்று கூப்பிட்டார்.

"ரெண்டு நிமிஷம் ஏறி இறங்கிடுறேன்" என்று தம்பி அவள் கையைப் பிடித்தான். "சொல்லிடாத. சின்ன வயசுல இருந்து நீ என்னை ஒருதடவைகூடக் காட்டிக் குடுத்ததில்ல."

அதுவும் நிஜம்தான். அவன் உடைத்ததற்கும் தொலைத்ததற்கும் அவள் அடி வாங்கியிருக்கிறாள். அக்கா கையை உதறினாள். அவனுக்கு முன்னால் உள்ளே போய், டாக்டரம்மாவின் மேஜையில் விரித்து வைத்திருந்த அவனுடைய காகிதங்களின் மேலேயே ஷூவைக் கவிழ்த்து வைத்தாள், அடிப்பக்கம் தெரியும்படி.

"டாக்டர், இது பன்னிரண்டு வாரம் முன்னாடி நான் எழுதின தேதி. இவன் நடக்கல. மூணாவது நாளே இவனுக்கு நெஞ்சை இறுக்கிடுச்சு. இப்பவும் இறுக்குதுன்னு நெனைக்கிறேன். தயவுசெஞ்சு அந்த மெஷினை நிறுத்துங்க."

டாக்டரம்மா ஷூவைப் பார்த்தார், தம்பியின் வியர்த்த நெற்றியைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. பட்டை நின்றது. அவன் மணிக்கட்டில் நாடி பிடித்தபடியே நர்ஸை அனுப்பி, சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

உட்கார வைக்கும்போது தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டியே. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். சண்டாளி."

"திட்டு" என்றாள் அக்கா. "நல்லாத் திட்டு. நீ பண்ணினதை நானும் மறக்க மாட்டேன். ஆனா ஐம்பத்தொண்ணு தாண்டியும் நீ என்னைத் திட்டணும்டா."

நர்ஸ் நாற்காலியைத் தள்ளினார். நடைவழி நெடுக அவன் திட்டிக்கொண்டே போனான். அக்கா மேஜையிலிருந்து ஷூவை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே நடந்தாள்.