கேபிள் கழன்றால்

அவள் கணவரின் உடல் இன்னும் கூடத்தில்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவரின் ஆபீஸ் கூட்டம். சிரித்தவள் சுருட்டைமுடிக்காரி, அவருடைய டீமில் கடைசியாகச் சேர்ந்தவள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. சார் எழுதினதைப் பேசிட்டிருந்தோம்."

"அப்படி என்ன எழுதிட்டாரு?"

அவர் எழுதியது டிரைவர். கம்ப்யூட்டரையும் நெட்வொர்க் கார்டையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற புரோகிராம். எங்காவது கோளாறு என்றால் அது திரையில் ஒரு வரி எழுதும். அதற்குப் பெயர் லாக். இவ்வளவு அவளுக்கும் தெரியும்.

"மத்தவங்க 'சூடு அதிகம்'னு போட்டுட்டுப் போயிடுவாங்க. சார், 'கார்டு சூடாயிடுச்சு, கொஞ்சம் மெதுவாப் போறேன், கோச்சுக்காதீங்க'ன்னு போடுவாரு. எங்கெங்கயோ இருக்கிற ஆப்பரேட்டருங்க படிச்சிட்டு மெயில் அனுப்புவாங்கக்கா."

கோச்சுக்காதீங்க. இந்த வீட்டுச் சுவர்கள்கூட அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. குழம்பு எப்படி? "ம்." பிடித்திருந்தால் "ம்ம்". ஒரு 'ம்' என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் சந்தோஷம். அவளாகக் கண்டுபிடித்த அகராதி அது. நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது கடைசியாகச் சொன்னதுகூட, "ஃபேனை நிறுத்து."

முகம் தெரியாத ஆப்பரேட்டர்களுக்கு மட்டும் கொஞ்சலாக்கும்.

"அக்கா, இப்ப கேக்கக்கூடாது..."

"கேளு."

"லாக்கையெல்லாம் சுத்தம் பண்ற வேலை என்கிட்ட இருக்கு. கார்டு பேரு, பிழை நம்பர், அவ்வளவுதான் இருக்கணும். சாரோட வரிங்க எல்லாம் போயிடும். நாளைக்குப் புது வெர்ஷன். அவர் ஞாபகமா விட்டுடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"போன வாரம் காட்டினேன். 'ம்'னாரு."

"எத்தனை ம்?"

சுருட்டை விழித்தாள். "ஒண்ணுதான்க்கா."

அவள் கூடத்தில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். அப்போதும் வாய் இறுக மூடித்தான் இருந்தது.

"அப்ப சரின்னுதான் அர்த்தம். எடுத்துடு. ஒண்ணு விடாம எடுத்துடு."

"கேபிள் கழண்டா வர்ற வரிதான்க்கா எல்லாருக்கும் உசுரு. அதுல..."

"சொல்லாதே."

சுருட்டை தலையாட்டி எழுந்தாள்.

"இரு. அவர் ரூம்ல அவரோட டிரைவர் போட்ட மெஷின் ஒண்ணு ஓடிட்டிருக்கு. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

சாயங்காலம் உடலை எடுத்து, எல்லாரும் போனபின் அவள் அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். கறுப்புத் திரை விழித்திருந்தது. பின்புறம் கைவிட்டுத் தடவி, பச்சை விளக்கு மின்னிய இடத்திலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

திரையில் ஒரு வரி வந்து நின்றது.

'கேபிள் கழண்டுடுச்சு. அவசரமில்ல. நீங்க செருகற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.'

அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேபிளைச் செருகினாள். பச்சை விளக்கு எரியும்வரை பொறுத்திருந்து, மறுபடி பிடுங்கினாள்.